வளைவாலின் முகம்

ஆக்ஸிஜன் சிலிண்டரை ஜீப்பின் பின்னிருக்கையில் நிறுத்தி, தன் சால்வையால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினாள். டிரைவர் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"குழியில விழுந்தா உருளாதே?"

"உருளாது."

"உள்ள ரோடு மோசம் மேடம். சாருக்குத் தெரியும்."

அப்பா முன்பே ஏறி சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், மடியில் கேமரா, அதன்மேல் இரண்டு கைகளும். காட்டு வாசலில் கம்பித் தடுப்பு இன்னும் உயரவில்லை. வெளிச்சம் அப்போதுதான் மரங்களின் உச்சிக்கு வந்திருந்தது.

கைபேசி அடித்தது. அண்ணன்.

"எங்க இருக்கீங்க?"

"கேட்டுல."

"டாக்டர் வேணாம்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்பா போகணும்னு சொன்னாரு."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும். எங்கிட்ட வந்து நிக்காத."

"சரி."

"இத்தனை வருஷமா எடுத்தது பத்தாதா? வீடு பூரா யானையோட பின்பக்கம். இன்னொண்ணு வேற எதுக்கு?"

அவன் குரல் எப்போதுமே பெரிது. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. கையை நீட்டினார். கொடுத்தாள். அவர் கைபேசியை வாயருகே வைத்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தார். அதற்கே நேரம் பிடித்தது.

"முன்பக்கம்" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தடுப்பு உயர்ந்தது.

*

அப்பா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். ஈயத் தகடு அடித்த கதவுக்குப் பின்னால் நின்று கொண்டு, அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தார். வேலை முடிந்தும் அது போகவில்லை. பஸ்ஸில் "கொஞ்சம் நகருங்க" என்று அவர் சொன்னால் யாராவது ஒருவர் நெஞ்சை நிமிர்த்துவார். ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சு சார் என்று பெயர்.

சின்ன வயதில் அவளும் அண்ணனும் பள்ளி விட்டதும் அந்த அறைக்குத்தான் போவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அப்பா அவர்களைப் பலகையின் முன் நிறுத்துவார். தாடையைத் தூக்கு. புறங்கையை இடுப்பில் வை. தோளை முன்னால கொண்டு வா. மெஷின் ஓடாது, வெறும் விளையாட்டு. அண்ணன்தான் அதிக நேரம் மூச்சை அடக்குவான். முகம் சிவந்துபோய் நிற்பான். அப்பா கதவுக்குப் பின்னால் வேண்டுமென்றே தாமதிப்பார். பிறகு, "சரி, சட்டைய போட்டுக்கோங்க" என்பார். சட்டை போட்டுத்தான் இருப்பான். இருந்தாலும் சிரிப்பான்.

ஓய்வு பெற்றதும் அப்பா ஒரு கேமரா வாங்கினார். கூட வேலை பார்த்தவர்கள் சுற்றுலா போனபோது முதல் முறையாகக் காட்டுக்குப் போனார். யானைகளைப் பார்த்தார். எடுத்து வந்த படங்களில் எல்லாம் பின்பக்கம்தான் இருந்தது.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

காரணம் ஜீப் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவால் சொல்லாமல் பட்டனை அமுக்க முடியாது. யானை நன்றாக முகத்தைக் காட்டிக் கொண்டு நிற்கும். இவர் கேமராவைக் கண்ணில் வைத்து, குரலை எடுத்து, "மூச்சை நல்லா இழுங்க" என்பார். யானை திரும்பிவிடும். "அப்படியே பிடிங்க" என்னும்போது வால்தான் இருக்கும். வாயில் மிட்டாய் போட்டுப் பார்த்தார்கள். மிட்டாயோடு சொன்னார். கைக்குட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். அதற்குள்ளிருந்தும் கேட்டது. சொல்லாமல் அமுக்கினால் படம் ஆடிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

எடுத்ததும் திரையைப் பார்ப்பார். "ரிப்பீட்" என்பார். எக்ஸ்ரே சரியாக விழாவிட்டால் சொல்கிற அதே சொல்.

படங்களை அவரே சட்டம் போட்டு மாட்டினார். கூடத்தில் தொடங்கி மாடிப்படி வரை போயிற்று. அம்மா வருகிறவர்களிடம் சொல்வாள், "வாங்க வாங்க. வர்றவங்களுக்கு முதுகைக் காட்டுற வீடு நம்ம வீடு ஒண்ணுதான்." அப்பா சிரிப்பார். கழற்றமாட்டார்.

அந்தப் பின்பக்கங்களில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பாதியில் முழங்கையைப் போல வளைந்த வால். கூட்டத்தில் அதுதான் பெரிது. குட்டிகள் அதன் காலடியில்தான் ஓடின. வீட்டில் எல்லோருக்கும் அது வளைவால். மழையில் நனைந்த வளைவால், புழுதி பூசிய வளைவால், குட்டியோடு வளைவால். அதன் முகம் மட்டும் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது. கண்ணில் கேமரா இருக்கும்போது நன்றாகப் பார்க்க முடிவதில்லை, பார்க்கத் தொடங்கும்போது அது திரும்பிவிடுகிறது என்றார்.

கூடத்து மூலையில் எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது தூக்கிப் போட்டதை அப்பா வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். போன மாதம் தன் நெஞ்சுப் படத்தை அவரே அதில் மாட்டிப் பார்த்தார். அவள் பக்கத்தில் நின்றாள். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பொசிஷன் நல்லா இருக்கு. யாரு எடுத்தா?"

"டார்க்ரூம் அண்ணன்தான்பா."

அப்பாவின் கீழே ஃபிலிம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து, இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாக இருப்பவர். அப்பா வைத்த பெயர் இன்னும் டார்க்ரூம்தான்.

"நல்லா எடுத்திருக்கான்" என்றார் அப்பா. சுவிட்சை அணைத்தார். "ஒரு தடவை காட்டுக்குப் போயிட்டு வந்துடணும்."

*

காட்டுப் பாதை டிரைவர் சொன்ன மாதிரியே இருந்தது. ஒவ்வொரு குழியிலும் அப்பா கேமராவை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தார், குழந்தையைத் தூக்குவது போல. குழி தாண்டியதும் இறக்கினார்.

"மேடம்" என்றார் டிரைவர், திரும்பாமல். "என் முதுகுல பிரேக் போடாதீங்க."

அவள் பார்த்தாள். வலது கால் முன்னிருக்கையின் பின்புறத்தை அழுத்திக் கொண்டிருந்தது. அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக் கொடுக்கிறாள். பயிற்சிக் காரில் அவள் பக்கம் ஒரு பிரேக் உண்டு. எந்த வண்டியில் ஏறினாலும் கால் அதைத் தேடும்.

"நீங்க ஓட்டுறதப் பாத்தா தானா வருது."

"பொறந்ததுல இருந்து ஓட்டுறேன் மேடம்."

"லைசென்ஸ்?"

"அது அப்புறம் எடுத்தேன்."

அப்பாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டது. சிரிக்க மூச்சு போதாதபோது அவர் இப்படித்தான் சிரித்தார்.

நீர்த்துறையில் ஒன்றும் இல்லை. மான் கூட இல்லை. வெயில் ஏறியது. டிரைவர் வேறு வழியில் ஒடித்து, ஒரு புல்வெளியின் ஓரத்தில் எஞ்சினை அணைத்தார். எதிரே மரங்களுக்கு நடுவில் சாம்பல் நிறம் அசைந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு ஒரு குட்டி.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினார். "சார், போட்டுக்கோங்க. இன்னிக்காவது."

அப்பா தலையசைத்து மறுத்தார். டிரைவர் பெருமூச்சு விட்டு மிட்டாயைப் பைக்குள் போட்டுக் கொண்டார்.

எஞ்சின் நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. சிலிண்டரிலிருந்து காற்று கசிகிற மெல்லிய சீறல். வீட்டில் இரவும் பகலும் கேட்டுப் பழகியிருந்தாள். இங்கே அது புல்வெளி முழுவதும் கேட்பது போலிருந்தது. குட்டி நின்றது. பெரிய யானை ஒன்று தும்பிக்கையை உயர்த்தியது.

"அந்தச் சத்தம் அதுக்குப் பிடிக்கல மேடம்" என்று டிரைவர் முணுமுணுத்தார். "போயிடும்."

யானைகள் ஒவ்வொன்றாக மரங்களுக்குள் பின்வாங்கின. மறுபடியும் பின்பக்கம்.

அப்பா மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினார். அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

அவர் சிலிண்டரின் தலையைக் காட்டினார். "மூடு."

"அப்பா."

"கொஞ்ச நேரம்."

அவள் கால் முன்னிருக்கையில் அழுந்தியிருந்தது. புதிதாக ஓட்ட வருகிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும். நம் கால் பிரேக்கில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அவர்கள் ஓட்டுவதில்லை. காலை எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்து, வெளியே பார்க்க வேண்டும். அந்த வேலையிலேயே கடினமானது அதுதான்.

திருகைத் திருப்பினாள். சீறல் நின்றது.

காடு அமைதியாயிற்று. அப்படியொரு அமைதியில் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. அவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக் கொண்டார். யானைகள் போன திசையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அங்கே ஒன்றும் அசையவில்லை.

இடதுபுறம் புதர் விலகியது.

யானை அவர்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. ஜீப்பை அது எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டின் நடுவே கதவு தட்டப்பட்டவரைப் போலப் பார்த்தது. வாயோரம் ஒரு புல் தொங்கிக் கொண்டிருந்தது. தும்பிக்கையின் மேல் இளஞ்சிவப்பாகப் புள்ளிகள். நெற்றி இரண்டு பக்கமும் குழிந்து நடுவில் மேடாக இருந்தது. இடது காதின் விளிம்பு மடிந்திருந்தது. கண் சிறியது, இமைமயிர் நீளம்.

டிரைவரின் கை சாவியின் மேல் போயிற்று. திருப்பவில்லை.

அப்பா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போனார். அவள் யானையைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. மூச்சை நல்லா இழுங்க. குரல் வரவில்லை. அப்படியே பிடிங்க. காற்று கூட வரவில்லை. ஆனால் அவர் முழுவதும் சொன்னார், ஒரு சொல் விடாமல்.

யானை நின்றது. காதுகளை விரித்தது. தலையைக் கொஞ்சம் உயர்த்தியது.

கேமரா ஒரு முறை சொடுக்கியது.

அப்பா இரண்டாவது எடுக்கவில்லை. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். அதுவும் பார்த்தது. பிறகு வாயோரத்துப் புல்லை உள்ளே இழுத்து மென்றது. அவசரமில்லாமல் திரும்பிற்று. பெரிய உடம்பு திரும்பி முடிய நேரமாயிற்று. கடைசியாக வால் வந்தது.

பாதியில் முழங்கையைப் போல வளைந்த வால்.

"சார்" என்றார் டிரைவர். கையால் அந்த வாலைக் காட்டினார்.

அப்பாவின் தோள்கள் குலுங்கின. இருமுகிறார் என்று நினைத்துக் குழாயைப் பிடித்தாள். திருகைத் திறந்து, மூக்கில் பொருத்தினாள். சீறல் மறுபடி தொடங்கியது. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிரிக்கிறார். கண்ணில் நீர் வரச் சிரித்துக் கொண்டிருந்தார். உதட்டுக்கு நிறம் திரும்பிக் கொண்டிருந்தது.

அவள் கால் தரையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

அப்பா திரையைப் பார்த்தார். பெரிதாக்கினார். கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஓரங்களைப் பார்த்தார். டிரைவர் இருக்கையில் முழங்காலிட்டுத் திரும்பி உட்கார்ந்து, ரிப்பீட் என்கிற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள்.

அப்பா கையை உயர்த்தி, இரண்டு விரலால் கதவுப் பக்கம் காட்டுவது போல அசைத்தார்.

"என்ன சொல்றாரு?" என்றார் டிரைவர்.

"சட்டைய போட்டுக்கோங்கன்னு சொல்றாரு."

"அப்படின்னா?"

"ரிப்பீட் வேணாம்."

டிரைவர் திரும்பி உட்கார்ந்தார். பையிலிருந்து மிட்டாயை எடுத்துப் பிரித்துத் தன் வாயில் போட்டுக் கொண்டார். எஞ்சினைப் போட்டார்.

வழியில் அப்பா ஒரு முறைதான் பேசினார். "உங்கண்ணன்கிட்ட."

"சொல்றேன்பா."

"சொல்லாத. காட்டு."

"காட்டுறேன்."

அவர் பின்னால் சாய்ந்து கொண்டார். மரநிழலும் வெயிலும் மாறி மாறி அவர் முகத்தின் மேல் போயின. குழி வந்தது. கேமராவைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி குழி, மறுபடி தூக்கினார். பாதை கொஞ்ச தூரம் சமமாக இருந்தது. அவள் வெளியே பார்த்தாள். வாசலுக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய குழி வந்தபோது ஜீப் ஒரு பக்கமாக இறங்கி ஏறியது.

அப்பா கேமராவைத் தூக்கவில்லை.

அது மடியிலிருந்து நழுவியது. அவள் பிடித்துக் கொண்டாள். ஒரு கையில் கேமரா, மறு கையில் அவர் மணிக்கட்டு. சிலிண்டர் சீறிக் கொண்டிருந்தது.

"மெதுவா போங்க" என்றாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். நடக்கிறவன் கூடத் தாண்டிப் போகிற வேகத்தில் ஓட்டினார். அதன்பிறகு ஒரு குழியிலும் சக்கரம் இறங்கவில்லை.

வாசலில் காவலாளி தடுப்பை உயர்த்தியபடி, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார். "யானை பாத்தீங்களா?"

"பாத்தாச்சு" என்றார் டிரைவர்.

*

வண்டி வீட்டு வாசலில் நின்றபோது அம்மா படியில் நின்றிருந்தாள். செய்தி முன்பே போயிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்திருந்தார்கள். அவள் அவர்கள் கையை எடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"எடுத்தாரா?"

"எடுத்தாரும்மா."

"முன்பக்கமா?"

"முன்பக்கம்."

அம்மா வண்டிக்குள் பார்த்தாள். அப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது போல. அங்கேயே வைத்திருந்தாள். பிறகு, "என் கண்ணாடிய எடுத்துட்டு வா" என்றாள்.

படியில் உட்கார்ந்து கேமராத் திரையைப் பார்த்தாள். பக்கத்தில் பிடித்தாள், தூரத்தில் பிடித்தாள்.

"இவதானா?"

"திரும்பினப்ப வாலைப் பாத்தோம்."

"ம்." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "லட்சணமாத்தான் இருக்கா. அதான் மனுஷன் விடல."

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக் கொண்டாள். அம்மா அவளைக் கோபிக்கவில்லை.

அண்ணன் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். அப்பாவைப் பார்த்தான். வெகுநேரம் நின்றான். பிறகு அவளை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப் போனான். அவர்களுக்கு மேலே சுவரில் வரிசையாக வால்கள்.

"சிலிண்டர் ஓடிட்டுதானே இருந்துச்சு?"

"கொஞ்ச நேரம் மூடினேன்."

"மூடினியா?"

"அப்பா மூடச் சொன்னாரு. சத்தத்துக்கு யானை போயிட்டிருந்துச்சு."

அவன் அவளையே பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. கூடத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக் கொண்டிருந்தார்கள்.

"மறுபடி எப்ப தொறந்த?"

"எடுத்து முடிச்ச உடனே. நல்லாத்தான் இருந்தாரு. சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு."

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டான். ஏதோ சொல்ல வந்தான். அப்போது டார்க்ரூம் அண்ணன் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறவர்கள், சீருடையோடு. அவர் கையில் பெரிய பழுப்பு உறை. யானைப் படத்தை அவள் முந்தின நாள் மாலையே அவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் யாரிடமும் பேசாமல் நேரே கூடத்து மூலைக்குப் போனார். விளக்குப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். அது இரண்டு மூன்று முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது.

உறையிலிருந்து ஃபிலிமை உருவி, மேல் விளிம்பைக் கவ்வியில் செருகினார்.

நீலம் பாய்ந்த கறுப்பு வெள்ளையில் யானை கூடத்தைப் பார்த்தது. விரிந்த காதுகள், உயர்ந்த தலை, வாயோரத்தில் புல். மேல் மூலையில், நோயாளியின் பெயர் வருகிற இடத்தில், வளைவால் என்று அடித்திருந்தது. அதன் கீழே, முன்பக்கம்.

டார்க்ரூம் அண்ணன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக் கொண்டார். அப்பா அப்படித்தான் நிற்பார். படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார். அவரோடு வந்தவர்களும் பார்த்தார்கள்.

"ஆட்டம் இல்ல" என்றார். "தாடை தூக்கியிருக்கு. ரெண்டு பக்கமும் சமமா வந்திருக்கு." ஃபிலிமின் ஓரத்தை நேராக்கினார். "சார் சொல்ற மாதிரியே நின்னிருக்கு."

அம்மா நாற்காலியிலிருந்து கேட்டாள். "ரிப்பீட்டா?"

"இல்லம்மா. வேணாம்."

அம்மா தலையாட்டினாள். அவர்கள் ஒவ்வொருவராக விலகி, அப்பாவிடம் போனார்கள்.

மூலையில் இடம் காலியானதும் அண்ணன் படிக்கட்டிலிருந்து நகர்ந்தான். விளக்குப் பெட்டியின் முன்னால் போய் நின்றான். அவன் இப்போது பெரிய உடம்புக்காரன். வெளிச்சம் முழுவதும் அவன் சட்டையில் விழுந்தது. அவன் படத்தைப் பார்த்துக் கொண்டே நின்றான். மெல்ல அவன் தாடை உயர்ந்தது. புறங்கைகள் இடுப்புக்குப் போயின. தோள்கள் முன்னால் வந்தன.

அவள் மாடிப்படியின் கீழிருந்து பார்த்துக் கொண்டிருந்தாள். யாரும் அவனை நகரச் சொல்லவில்லை.